தெப்பக்குளத்தை ஒரு ரவுண்டு சுற்றினால் எவ்வளவு தூரம்?

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் காலையில் நடக்கிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஒன்றேகால் கிலோமீட்டர் என்பார். அவரோடு பேசிக்கொண்டே நடந்து வந்தவர் தன் போனைப் பார்த்துவிட்டு ஒன்றரை என்பார். மூன்றாவது ஆள் போனில் ஒரு கிலோமீட்டரே வந்திருக்காது. மூன்று பேரும் சேர்ந்துதான் நடந்தார்கள், மூன்றும் நல்ல போன்தான்.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட எனக்கு மனசு வருவதில்லை. அங்கே நடப்பவர்களில் நிறையப் பேர் டாக்டர் சொல்லி வந்தவர்கள். சர்க்கரை, பிரஷர், இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு மெல்ல மெல்லத் தூரத்தைக் கூட்டுகிறவர்கள். போன் காட்டும் அந்த எண் அவர்களுக்கு அன்றைய நாளின் தெம்பு. அரை மாரத்தானுக்குத் தயாராகிற பிள்ளைகள் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கை வைத்துத்தான் பயிற்சியையே திட்டமிடுகிறார்கள். எண் தப்பாக இருந்தால் ஒருத்தர் தேவையில்லாமல் சோர்ந்து போகிறார், இன்னொருத்தர் தேவைக்கு மேல் உடம்பை வருத்திக்கொள்கிறார்.

முதலில் குளத்தின் கணக்கை முடித்துவிடுவோம். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய இந்தக் குளம் சுமார் 305 மீட்டர் நீளம், 290 மீட்டர் அகலம். நாலு பக்கத்தையும் கூட்டினால் 1190 மீட்டர். ஆனால் குளத்தின் விளிம்பில் யாரும் நடப்பதில்லை, கொஞ்சம் வெளியே தள்ளித்தான் நடக்கிறோம். ஒரு மீட்டர் தள்ளி நடந்தால் மூலைக்கு இரண்டு மீட்டர் கூடும், நாலு மூலைக்கும் சேர்த்து எட்டு மீட்டர். ஆறு மீட்டர் தள்ளி நடந்தால் ஒரு ரவுண்டு 1238 மீட்டர். சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கமாக, இருபது மீட்டர் தள்ளி நடந்தால் 1350. ஐந்து ரவுண்டு போனால் இந்த இரண்டு பேருக்கும் நடுவே அரை கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். அது நிஜமாகவே கூடுதலாக நடந்த தூரம், போன் மேல் பழி போட முடியாது.

ஆகவே ஒரு ரவுண்டுக்கு 1.2-இல் இருந்து 1.35 வரை போன் என்ன காட்டினாலும் நம்பலாம். அதற்குக் கீழே போனாலும் மேலே போனாலும் எங்கேயோ கோளாறு. அந்தக் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கத் தெப்பக்குளம் மாதிரி இடம் மதுரையில் வேறு இல்லை. நடுவில் பெரிய திறந்த வெளி, நாலு நேர்கோடு, நாலு கூரான மூலை. நடை முடிந்ததும், நடையை அளக்கும் ஆப்பில் கிலோமீட்டரைப் பார்ப்பதற்கு முன் வரைபடத்தைத் திறந்து, போன் வரைந்திருக்கும் கோட்டைப் பாருங்கள். கோடு கோணலாக இருக்கும் விதத்திலேயே கோளாறு என்ன என்பது தெரிந்துவிடும். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது முழுக்க அந்தக் கோட்டைப் பற்றித்தான்.

கோட்டைப் படிக்கும் முன் அது எப்படி வருகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் 'நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி கிளம்பிய நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை வைத்து, அந்தச் செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று போன் கணக்குப் போடுகிறது. நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினால் 300 மீட்டர் தவறும். போனில் இருக்கும் கடிகாரம் அவ்வளவு துல்லியம் கிடையாது. அதனால்தான் இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று செயற்கைக்கோள் போதாமல் நாலாவது ஒன்றும் தேவைப்படுகிறது, நேரத்தைச் சரிசெய்வதற்காக. 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது, அதை நிறுத்திய பிறகுதான் இதெல்லாம் சாத்தியமாயிற்று. இப்போது திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண போன் ஐந்து மீட்டர் ஆரத்துக்குள் நம் இடத்தைச் சொல்லும். வந்து சேரும் சிக்னலோ மிக மிகப் பலவீனமானது. ஒரு கையோ, ஒரு சுவரோ, ஈரமான ஒரு மரக்கிளையோ அதைத் தடுக்கப் போதும்.

ஒருநாள் தெப்பக்குளத்தில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தினார். "தம்பி, நேத்து அஞ்சு ரவுண்டுக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேல காட்டுச்சு. இன்னைக்கும் அதே அஞ்சுதான், நாலே முக்கால்னு காட்டுது. போன மாத்தணுமா?" என்றார்.

"மேப்பைக் காட்டுங்கண்ணே" என்றேன்.

வரைபடத்தில் மூன்று ரவுண்டு அழகாகக் குளத்தைச் சுற்றி ஓடியிருந்தது. அப்புறம் தென்மேற்கு மூலையில் இருந்து ஒரு கோடு, ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேராகக் குளத்துக்குள் இறங்கி, மைய மண்டபத்தைத் தொட்டுக்கொண்டு, வடகிழக்கு மூலையில் கரையேறியிருந்தது. அண்ணன் தண்ணீர் மேல் நடந்ததாகப் போன் எழுதி வைத்திருந்தது. அங்கிருந்து மறுபடி ஒழுங்கான கோடு. கணக்குப் பார்த்தால் ஒன்றரை ரவுண்டு, அதாவது ஏறக்குறைய 1.9 கிலோமீட்டர், காணாமல் போய் அதற்குப் பதிலாக 420 மீட்டர் மூலைவிட்டம் வந்திருக்கிறது. குறைந்த தூரம் சரியாக அங்கேதான் இருந்தது.

இப்படி நேர்கோடு விழுந்தால் செயற்கைக்கோளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போன் அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிட்டது. திரை அணைந்து சில நிமிடங்களில் இது நடக்கும். ஆண்ட்ராய்டு போன்களில், அதிலும் பேட்டரி நீண்ட நேரம் நிற்கும் என்று விளம்பரம் செய்யும் போன்களில், இது சர்வ சாதாரணம். அண்ணன் போனில் செட்டிங்ஸுக்குள் போய், அந்த ஆப்பின் பக்கத்தைத் திறந்து, பேட்டரி என்ற இடத்தில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றினோம். பேட்டரி சேவரை நடக்கும் நேரத்துக்கு மட்டுமாவது அணைத்து வைக்கச் சொன்னேன். சில போன்களில் 'ஆட்டோ ஸ்டார்ட்' என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் அனுமதிக்க வேண்டும். சமீபத்தில் திறந்த ஆப்புகளின் வரிசையில் ஆப்பைப் பூட்டி வைக்கும் வசதி இருந்தால் அதையும் செய்துவிடுங்கள், 'எல்லாவற்றையும் மூடு' என்று அழுத்தும்போது அது தப்பிக்கும். ஐபோனில் லோ பவர் மோடைக் கவனியுங்கள். மறுநாள் அண்ணன் போன் காட்டிய கோட்டில் ஐந்து ரவுண்டும் கரையிலேயே இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அவ்வளவு சந்தோஷம்.

பர்மிஷன் விஷயத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன். ஆப்பை முதல்முறை திறக்கும்போது லொக்கேஷன் கேட்கும். அப்போது 'பிரிசைஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்காமல் தோராயமான இடம் போதும் என்று கொடுத்துவிட்டால், ஒரு பேட்டை அளவுக்குத்தான் போன் இடம் சொல்லும். அதை வைத்து நடையை அளக்கவே முடியாது. ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் இரண்டிலுமே இந்தச் சுவிட்ச் இருக்கிறது, ஒரு தடவை பார்த்து வைத்தால் போதும்.

அடுத்த கோளாறு தொடக்கத்தில் வருவது. கோடு புறப்படும் இடத்தில் மட்டும் பக்கத்துத் தெருவுக்கு ஒரு பாய்ச்சல், திரும்பி வந்து இன்னொரு பாய்ச்சல், அப்புறம் ஒழுங்காகப் போகும். வீட்டுக்குள்ளேயே ஸ்டார்ட்டை அழுத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்குகிறவர்களுக்கு இது தவறாமல் வரும். செயற்கைக்கோள் தான் இருக்கும் பாதையின் விவரத்தை அனுப்பி முடிக்க 30 நொடி ஆகும். எல்லாச் செயற்கைக்கோள்களின் பொதுவான அட்டவணையும் முழுசாக வந்து சேர பன்னிரண்டரை நிமிடம். அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டாம் என்றுதான் போன் இந்த விவரங்களை இன்டர்நெட்டில் இருந்து முன்கூட்டியே இழுத்துக்கொள்கிறது. மொபைல் டேட்டாவை அணைத்து வைத்துவிட்டு நடப்பவர்கள் கிளம்பும்போது ஒரு நிமிடமாவது அதைப் போட்டுவிடுங்கள். அதன் பிறகு அணைத்தாலும் ஜிபிஎஸ் தன் பாட்டுக்கு வேலை செய்யும், அதற்கு டேட்டா தேவையே இல்லை. வெட்ட வெளிக்கு வந்து, கை கால்களை நீட்டி உதறிக்கொண்டே மேப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் இடத்தைக் காட்டும் புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர்நீல வட்டம் இருக்கும். அது சுருங்கிப் புள்ளியோடு ஒட்டிய பிறகு ஸ்டார்ட்டை அழுத்துங்கள்.

சரி, கோடு நேராகப் போகாமல் பாதை முழுக்க நடுங்கிக்கொண்டே போனால்? பெரும்பாலும் போனை வைத்திருக்கும் இடம்தான் காரணம். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். இந்தச் சிக்னலைத் தண்ணீர் நன்றாக விழுங்கும். பேன்ட்டின் பின்பாக்கெட்டில் போன் இருந்தால் வானத்தில் பாதியை உங்கள் முதுகும் இடுப்பும் மறைத்துவிடும். எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலும் சாவிக்கொத்தும் கிடக்கும் பைக்குள் போனைப் போட்டு எடுத்துவரும் அக்காமார்களை தினமும் பார்க்கிறேன். அந்த உலோகம் எல்லாமே சிக்னலுக்குக் குறுக்கே நிற்கும். போனைத் தனியாக, பையின் மேல்பக்க அறையில் வைத்தாலே பெரிய மாற்றம் தெரியும். ஓடுகிறவர்களுக்கு மேற்கையில் கட்டும் பட்டை நல்லது. சட்டைப் பாக்கெட்டும் பரவாயில்லை. பிளாஸ்டிக் உறையால் பிரச்சினை இல்லை. காரில் ஒட்டுவதற்காகப் போனுக்குப் பின்னால் வைக்கும் இரும்புத் தகட்டை மட்டும் நடக்கப் போகும்போது கழற்றிவிடுங்கள்.

இந்த நடுக்கம் ஓடுகிறவரைவிட நடக்கிறவரைத்தான் அதிகம் பாதிக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. போன் நொடிக்கு ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடாக இணைத்து, அந்தக் கோட்டின் நீளத்தைத் தூரம் என்கிறது. நடக்கிறவர் நொடிக்கு ஒன்றரை மீட்டர் முன்னே போகிறார். புள்ளி ஒவ்வொரு நொடியும் ஒரு மீட்டர் இடமும் வலமுமாக நகர்ந்தால், அந்தச் சாய்ந்த கோட்டின் நீளம் 1.8 மீட்டர் ஆகிவிடும். அதாவது இருபது சதவீதம் கூடுதல். அதே நடுக்கத்தோடு நொடிக்கு மூன்று மீட்டர் ஓடுகிறவருக்கு 3.16 மீட்டர்தான், ஐந்து சதவீதம் கூடுகிறது. பக்கவாட்டுப் பிழை தூரத்தைக் கூட்டுமே தவிர ஒருபோதும் குறைக்காது. ஆப்புகள் இந்த நடுக்கத்தை ஓரளவு வழித்துவிடுகின்றன. ஆனால் அப்படி வழிக்கும்போது கூரான மூலைகள் மழுங்கி, அங்கே கொஞ்சம் தூரம் குறையும். தெப்பக்குளத்து மூலைகள் உங்கள் வரைபடத்தில் வளைவாகத் தெரிந்தால் அதற்கு இதுதான் காரணம்.

நின்ற இடத்தில் இன்னும் மோசம். வழியில் தெரிந்தவரைப் பார்த்து நின்று பேசினாலும், டீக்கடையில் உட்கார்ந்தாலும், புள்ளி மட்டும் சும்மா இருக்காது. கோழி கிளறின மாதிரி அந்த இடத்தைச் சுற்றிக் கிறுக்கி வைத்திருக்கும், அத்தனையும் உங்கள் நடைக் கணக்கில் சேரும். நாம் நின்றால் கணக்கையும் தானே நிறுத்தி வைக்கும் ஆட்டோ பாஸ் (auto pause) வசதியைப் போட்டு வையுங்கள், அல்லது கையால் நிறுத்திவிட்டு டீ குடியுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நம் கையில் இருப்பவை. ஊரின் அமைப்பால் வரும் கோளாறுகள் வேறு. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதிகளில் விடியற்காலையில் நடப்பது மதுரைக்காரர்களுக்குக் கிடைத்த பெரிய பாக்கியம். வண்டி கிடையாது, கல் பாவிய தரை, மேலே கோபுரங்கள். ஆனால் ஒரு பக்கம் உயரமான மதில், மறுபக்கம் கட்டடங்கள். தெற்குக் கோபுரம் மட்டும் 170 அடி. மாசி வீதிகளுக்கு வந்தால் இரண்டு பக்கமும் மாடிக் கட்டடங்கள் நெருங்கிவிடும். செயற்கைக்கோளில் இருந்து நேராக வரவேண்டிய சிக்னல் மறைந்து, எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பியது போனுக்கு வந்து சேரும். சுற்றி வந்ததால் அது தாமதமாக வரும். போன் அதை நம்பி, நாம் கொஞ்சம் தள்ளி இருக்கிறோம் என்று முடிவு செய்துவிடும். வரைபடத்தில் கோடு தெருவை விட்டு நகைக்கடைக்குள் புகுந்து, ஜவுளிக்கடை வழியாக வெளியே வரும்.

தெருவுக்குள் வானம் ஒரு நீளமான கீற்றாகத் தெரிகிறது. அதனால் தெருவின் நீளவாக்கில் முன்னும் பின்னும் உள்ள செயற்கைக்கோள்கள் கிடைக்கின்றன, பக்கவாட்டில் உள்ளவை மறைகின்றன. எனவே பிழையும் பக்கவாட்டில்தான் அதிகம், கோடு வீடுகளுக்குள் புகும். இதை அப்படியே திருப்பிப் போட்டால் நத்தம் சாலைப் பாலம். 2023-இல் திறந்த அந்த மேம்பாலம் 7.3 கிலோமீட்டர் நீளம். அதன் அடியில் ஓடும்போது தலைக்கு மேல் கான்கிரீட், வானம் இரண்டு ஓரத்திலும் மட்டும் தெரியும். அங்கே பக்கவாட்டுச் செயற்கைக்கோள்கள் கிடைக்கும், முன்னும் பின்னும் உள்ளவை குறையும். கோடு பார்க்க ஓரளவு நேராகவே இருக்கும், ஆனால் புள்ளிகள் சாலையின் நீளவாக்கில் முன்னே தாவும், பின்னே தேங்கும். வேகம் ஒரு நிமிடம் சைக்கிள் வேகமாகவும் அடுத்த நிமிடம் நின்றுவிட்டது போலவும் காட்டும். பாலத்தடியில் ஓடும்போது அந்த நொடியின் வேகத்தைப் பார்க்கவே வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். பாலத்தின் நேர் கீழே ஓடாமல் சர்வீஸ் ரோட்டின் வெளி ஓரத்துக்கு வந்தால் ஒரு பக்கத்து வானம் முழுசாகக் கிடைக்கும்.

திருப்பரங்குன்றத்தில் கிரிவலம் போகும்போதும் இதே கதைதான், சுவருக்குப் பதில் மலை. குன்றை ஒட்டிப் போகும் இடங்களில் ஒரு பக்கத்து வானம் பாதிக்குப் பாதி பாறையால் மறைந்துவிடும். ஒத்தக்கடையில் யானைமலையை ஒட்டிய பாதையும் அப்படித்தான். இருந்தாலும் மாசி வீதி அளவுக்குத் தொல்லை இருக்காது, மறுபக்கம் வெட்ட வெளி.

இந்த எதிரொலிப் பிரச்சினைக்குப் போன் தயாரிப்பாளர்கள் நல்ல தீர்வு ஒன்று கொண்டுவந்திருக்கிறார்கள். பழைய போன்கள் 1575.42 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையைத்தான் கேட்கும். அதை எல்1 என்பார்கள். 2018-இல் ஷாவ்மி மி 8 வந்தபோது முதன்முறையாக 1176.45 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்5 சிக்னலையும் சேர்த்துக் கேட்கும் போன் சந்தைக்கு வந்தது. எல்5 சிக்னலின் துடிப்பு பத்து மடங்கு வேகமானது. நேராக வந்தது எது, சுவரில் பட்டு வந்தது எது என்று பிரித்துப் பார்க்க அது வசதி. ஐபோனில் 14 ப்ரோவில் இருந்து இந்த வசதி இருக்கிறது. புதுப் போன் வாங்கப் போகிறீர்கள், நடையும் ஓட்டமும் முக்கியம் என்றால் கேமராவுக்குப் பார்க்கிற அக்கறையில் கொஞ்சத்தை இதற்கும் ஒதுக்குங்கள். விவரப் பட்டியலில் எல்1, எல்5 இரண்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் ஜிபிஎஸ் டெஸ்ட் என்ற இலவச ஆப் இருக்கிறது. எந்த நாட்டுச் செயற்கைக்கோள்கள் தெரிகின்றன, எந்த அலைவரிசையில், சிக்னல் எவ்வளவு பலம் என்று எல்லாவற்றையும் காட்டும். பல செயற்கைக்கோள்களின் பலம் 35-க்கு மேல் இருந்தால் நல்ல நிலைமை. போனைக் கையில் ஏந்தியபடி ஒருமுறை பாருங்கள், பின்பாக்கெட்டில் வைத்துவிட்டு எடுத்தவுடன் ஒருமுறை பாருங்கள். எவ்வளவு விழுகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

ஜிபிஎஸ் மாதிரி நம் நாடு அமைத்த நாவிக் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அதன் முதல் செயற்கைக்கோளை இஸ்ரோ 2013 ஜூலையில் ஏவியது. பழைய செயற்கைக்கோள்கள் சிலவற்றில் அணுக் கடிகாரங்கள் பழுதானது பெரிய இழப்புதான். 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01-இல் நம் நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரம் இருக்கிறது, எல்1 அலைவரிசையும் சேர்ந்திருக்கிறது. போனில் நாவிக் இருந்தால் கூடுதல் பலம், ஆனால் அதற்காகவே போன் மாற்ற வேண்டிய அவசியம் இப்போது இல்லை. அமெரிக்காவின் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ நாலையும் சேர்த்துக் கேட்கும் போன்கள்தான் இப்போது பெரும்பாலும் நம் கையில் இருக்கின்றன.

நம் ஊருக்கே உரிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. வெளிநாட்டு ஓட்டக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் அதைப் பார்க்கவே முடியாது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963-இல் நம் மண்ணில் இருந்து முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே இதனால்தான். மதுரை அதற்குக் கொஞ்சம் வடக்கே. காற்றுமண்டலத்தின் உச்சியில் மின்னேற்றம் பெற்ற அயனி அடுக்கு இந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் மிகவும் கொந்தளிப்பானது. பகல் ஏற ஏற அது அடர்ந்து, பிற்பகலில் சிக்னலை அதிகமாகத் தாமதப்படுத்தும். பொழுது சாய்ந்த பிறகு, நள்ளிரவு வரைக்கும் அதில் குமிழிகள் கிளம்பிச் சிக்னலைப் படபடக்க வைக்கும். பங்குனி சித்திரையிலும் புரட்டாசி ஐப்பசியிலும், சூரியன் மும்முரமாக இருக்கும் ஆண்டுகளில், இது கூடுதல். பிற்பகலில் வரும் தாமதத்தால் கோடு மொத்தமாகக் கொஞ்சம் நகரலாமே ஒழிய, மெதுவாக மாறுவதால் தூரக் கணக்கு அவ்வளவாகக் கெடாது. இரவில் வரும் படபடப்புதான் கோட்டை நடுங்க வைக்கும். சாயங்காலம் ஏழரைக்கு நடப்பவரின் கோடு, அதே பாதையில் காலை ஐந்தரைக்கு நடப்பவரின் கோட்டைவிடச் சில நாட்களில் மோசமாக இருந்தால் போனைச் சந்தேகிக்க வேண்டாம். விடியற்காலையில் அந்த அடுக்கு அடங்கிக் கிடக்கும். வெயிலுக்குப் பயந்து அதிகாலையில் ஓடும் மதுரைக்காரருக்கு இது தானாகவே அமைந்த வசதி.

உயரக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் கிடையாது. அதனால் உயரத்தில் வரும் பிழை தரையில் வரும் பிழையைவிட எப்போதும் அதிகம். வண்டியூர் கண்மாய்ப் பாதையில் நடந்துவிட்டு நாற்பது மீட்டர் ஏறியதாகப் போன் சொன்னால் அதைப் பொருட்படுத்தாதீர்கள். காற்றழுத்தமானி உள்ள போன்கள் இதில் நம்பகமானவை. அது இல்லாத போனில், வரைபடத்தின் நில உயரத்தை வைத்துத் திருத்தும் வசதி ஆப்பில் இருந்தால் பயன்படுத்துங்கள். அழகர்மலையில் பழமுதிர்சோலை தாண்டி நூபுர கங்கைக்கு ஏறுபவர்களுக்கு இது உதவும். அங்கே மரங்கள் அடர்த்தி, மழை பெய்து இலைகள் நனைந்திருந்தால் சிக்னல் இன்னும் குறையும். மேகத்தாலோ மழையாலோ மட்டும் பெரிய பாதிப்பு கிடையாது, ஈர இலைகள்தான் பிரச்சினை.

ஜிபிஎஸ் பூஸ்டர் என்ற பெயரில் வரும் ஆப்புகள் வேண்டாம். பழைய விவரங்களை அழித்துவிட்டுப் புதிதாக இறக்குவதைத் தவிர அவற்றால் எதுவும் ஆகாது, விளம்பரம்தான் மிச்சம். போனை எட்டு வடிவத்தில் சுழற்றுவது திசைகாட்டியைச் சரிசெய்யும், நடந்த தூரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ், குளோனாஸ் போன்ற எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர்) அளவீட்டை முழு வீச்சில் ஓடவிடும் ஒரு சுவிட்ச் உண்டு. ஜிபிஎஸ் சில்லு இடையிடையே ஓய்வெடுப்பதை அது நிறுத்தும். கோடு கொஞ்சம் சீராகும், பேட்டரி சீக்கிரம் தீரும். மாசி வீதிப் பக்கம் அடிக்கடி ஓடுபவர்கள் முயன்று பார்க்கலாம், மற்றவர்களுக்குத் தேவைப்படாது.

பாலத்தடியிலும் நெருக்கமான தெருக்களிலும் ஓடுகிறவர்களுக்கு இன்னொரு வழி, காலடிக் கணக்கு. ரேஸ்கோர்ஸ் மைதானத்து ஓடுதளத்தில் உள் பாதையில் ஒரு சுற்று 400 மீட்டர். வெளியே போகப் போகப் பாதைக்கு ஏழரை மீட்டருக்கு மேல் கூடிக்கொண்டே போய், எட்டாவது பாதையில் சுமார் 453 மீட்டர் ஆகிவிடும். அதனால் உள் பாதையிலேயே, வழக்கமான வேகத்தில், நாலைந்து சுற்று நடந்து காலடிகளை எண்ணுங்கள். 400 மீட்டருக்கு 540 காலடி வந்தால் ஒரு காலடி 74 சென்டிமீட்டர். நடைக்கும் ஓட்டத்துக்கும் தனித்தனியாகப் பார்த்து ஆப்பில் பதிந்துவிட்டால், சிக்னல் போகும் இடங்களில் அந்தக் கணக்கு கைகொடுக்கும்.

போட்டிகளில் ஓடும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பாதையை முறையாக அளப்பவர்கள் அளவுபடுத்திய சைக்கிளில், திருப்பங்களில் எவ்வளவு குறுக்கே போக முடியுமோ அவ்வளவு குறுக்காகப் போய் அளக்கிறார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்த்தும் வைப்பார்கள், மாரத்தானில் அது மட்டுமே 42 மீட்டர். கூட்டத்தில் விலகி விலகி ஓடும் நமக்குத் தூரம் இயல்பாகவே கூடும், அதன் மேல் போனின் நடுக்கமும் சேரும். அரை மாரத்தானில் 21.1-க்குப் பதில் 21.4 என்று போன் காட்டினால், அளந்தவர்களைக் குறை சொல்ல அது காரணம் ஆகாது. போனை நம்பி வேகத்தை வைத்தால் கடைசி முந்நூறு மீட்டர் கணக்கில் இல்லாமல் வந்து நிற்கும். போட்டி அன்று, கிலோமீட்டருக்கு ஒருமுறை நேரத்தைத் தானே பிரித்துக் குறிக்கும் ஆட்டோ லேப்பை அணைத்துவிட்டு, வழியில் வைத்திருக்கும் ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போதும் லேப்பைக் கையால் அழுத்துங்கள். பலகைக்குப் பலகை எத்தனை நிமிடம் என்று மட்டும் பார்த்துக்கொண்டு ஓடுங்கள்.